ஐந்தாம் எதிரி

அஞ்சு காப்பி என்றார் சிகப்பியின் அம்மான்.
பதினோரு பக்கம். பக்கம் ஒன்றரை ரூபாய்.
தேவகோட்டையில் அன்று இரண்டு முறை கரண்ட் போய் வந்தது.
மூன்றாம் பக்கத்தைக் கண்ணாடியில் கவிழ்க்கும்போது
என் பெயரைப் பார்த்தேன்.

ஜெசிந்தா, வயது 34, த/பெ சூசைராஜ்,
முதல் எதிரி வீட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை,
முதல் எதிரிக்குச் சகோதரி முறை.

மூடியைச் சாத்தினேன்.
வெளிச்சம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனது.
ஐந்து தடவை போனது.
எண்பத்திரண்டரை ஆச்சு, எண்பத்திரண்டு கொடுங்க என்றேன்.
நூறைக் கொடுத்து மிச்சத்தை எண்ணி வாங்கிக்கொண்டார்.
அவருக்கு என் பெயர் மட்டும்தான் தெரியும்,
முகம் தெரியாது.

ஏழு பக்கம் சீர்ச்சாமான்.
வெள்ளிக் குடம் இரண்டு, எவர்சில்வர் தூக்கு பெரிதும் சிறிதுமாய்ப் பதினெட்டு,
ஜமுக்காளம், ஊறுகாய் ஜாடி, கரண்டி வரைக்கும் கணக்கு.
ஆட்களையும் அப்படியே அடுக்கியிருந்தார்கள்:
புருஷன் வைரவன். மாமியார்.
சிங்கப்பூரில் நாத்தனார், அவள் வீட்டுக்காரர்
(இந்தப் பக்கம் வந்து நாலு வருஷம்).
கடைசியாக நான், தூண்டிவிட்டவள்.

கணவன், அல்லது கணவனின் உறவினர்.
சட்டத்தில் அவ்வளவுதான் இடமாம்.
அந்த இடத்தில் உட்காரவைக்கத்தான்
எனக்கு ஒரு அண்ணனைக் கொடுத்திருக்கிறார்கள்.
மகளிர் ஸ்டேஷனில் ரைட்டர் சிரித்தார்:
"ஒன்பது கோயில்ல நீ எந்தக் கோயில்மா?"
மாதா கோயில் என்றேன்.
சிரித்துக்கொண்டே எழுதினார். பேனா நிற்கவில்லை.

பதினாலு மாதம்.
விடியற்காலை பஸ், திருப்பத்தூர், மேலூர், மதுரை,
சாயங்காலம் அதே பஸ்.
பெரிய மிஷின் வக்கீல் ஃபீஸுக்குப் போனது.
பரமக்குடியிலிருந்து பார்க்க வருவதாய்ச் சொன்னவர்கள்
போனை எடுக்கவில்லை.

ஒருவரும் கேட்காதது ஒன்று உண்டு.

கேஸுக்கு முந்தின ஆடியில்
பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்குச் சிகப்பி வந்தாள்.
ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க.
"இந்தக் கன்னத்த மட்டும் கொஞ்சம் சரி பண்ணிருங்க."
நாலு விரல். எண்ண முடிந்தது.
வலது கன்னத்துத் தோலை எடுத்து
இடது கன்னத்தில் ஒட்டி, ஓரத்தைத் தேய்த்தேன்.
சுத்தமாய் வந்தது.
"அழகா இருக்கேன்ல," என்றாள்.
எட்டுப் படம், நாற்பது ரூபாய்.

நான் செய்தது அதுதான்.
அதற்கு எந்தச் செக்‌ஷனும் இல்லை.

மதுரையில் என் பெயரை அடித்துவிட்டார்கள்.
மறுவாரம் வைரவனின் வக்கீலே கடைக்கு வந்தார்,
அந்த உத்தரவை நீட்டி, பத்து காப்பி.
"இது பொய்னு ஆச்சுல்ல. மத்ததும் இதே மாதிரிதானே,
நீங்கதாம்மா எங்களுக்குச் சாவி."
எதிர்வீட்டிலிருந்து மாமியார் ஒரு தூக்கில்
கவுனி அரிசி கொடுத்தனுப்பினாள்.
மூடியைத் திறக்கவில்லை. எறும்பு வழி கண்டுபிடித்திருந்தது.

சாட்சியாய் என்னை எழுதியிருக்கலாம்.
எழுதியிருந்தால் சொல்லியிருப்பேனா?
தெரியாது. எதிர்க்கடைக்காரி,
அவர்கள் வீட்டு வரி ரசீதும் என்னிடம்தான் ஜெராக்ஸ்.

ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தேடினேன்.
'சிகப்பி பழசு' என்ற பெயரில், தேய்க்காத படம்.
சின்ன பிரிண்டரில் போட்டேன்.
மஜெந்தா தீர்ந்திருந்தது போல.
நாலு விரலும் பச்சையாய் விழுந்தன,
மருதாணி அரைத்த கை பட்ட மாதிரி.

இதை யாரும் நம்ப மாட்டார்கள்.
புது மை காரைக்குடியில்தான் கிடைக்கும்.
காலையில் கடையைத் திறக்காமல் பஸ்ஸுக்கு நின்றேன்.
சிகப்பி இருப்பது பள்ளத்தூரில்,
அதே வழிதான், இன்னும் கொஞ்சம் தூரம்.